எடுத்தவள் கை

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று கேட்காதீர்கள், எனக்குச் சொன்னவர்களும் சொல்லவில்லை, ஒரு மகாராஜா தன் விகடகவியின் மண்டையைக் குறிபார்த்து ஒரு வெள்ளி வெற்றிலைப் பெட்டியை வீசினார். அவன் குனிந்துகொண்டான். அப்புறம் ஒரு ஊரே பயந்து நடுங்கியதற்குக் காரணம் அந்தக் குனிவுதான்.

மகாராஜாவின் பெயர் விஜயகீர்த்தி. நல்ல மனிதர்தான், ஆனால் மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்த மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். வலது பக்கம் ஒரு சின்னத் துளை இருந்தது, எப்போதோ மூக்குத்தி போட்டுக் கழற்றியதுபோல. அரண்மனையில் அதை யாரும் பார்ப்பதில்லை. பார்த்தாலும் பார்க்காததுபோல இருக்கவேண்டும். அதைப் பற்றி விசாரித்த ஒரு வெளிநாட்டுத் தூதர் அன்று மாலையே மூட்டை கட்டினார். அதனால் நாமும் இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

விகடகவியின் பெயர் அம்பலத்தாடி. அன்றைக்கு அவன் என்ன சொல்லிச் சீண்டினானோ, பெட்டி அவன் தலைக்கு மேல் பறந்து, சாளரம் வழியாகப் போய், கோட்டைச் சுவருக்கு வெளியே விழுந்தது. புல் அறுக்க வந்த ஒருவன் எடுத்து மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் கோபம் தணிந்ததும் மகாராஜாவுக்கு வெற்றிலை ஞாபகம் வந்தது. அது அவர் அப்பா வைத்திருந்த பெட்டி. ஆனால் புல்லறுப்பவனிடமிருந்து அதை வாங்கித் தரச் சபையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அம்பலத்தாடிதான் எழுந்து நின்றான்.

"மகாராஜா, நம் நாட்டு வழக்கு இப்படி. தொலைந்த பொருளைக் கண்டெடுத்தவன் மூன்று சந்தைக்குத் தண்டோரா போடவேண்டும். உரியவர் வந்து அடையாளம் சொன்னால் கொடுத்துவிட வேண்டும், வராவிட்டால் எடுத்தவனுக்கே சொந்தம். ஆனால் எறிந்த பொருளுக்குத் தண்டோராவும் கிடையாது, தேடலும் கிடையாது. யார் முதலில் எடுத்தாரோ அவருடையது."

"நான் வேண்டாமென்று எறியவில்லை. உன் மேல் எறிந்தேன்."

"என் மேல் விழுந்திருந்தால் என்னுடையதாக ஆகியிருக்கும். குனிந்தது என் முட்டாள்தனம், மகாராஜா."

சபை சிரித்தது. மகாராஜா சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து, பொக்கிஷ அதிகாரி சிங்கராயர் மெல்ல நகர்ந்து வந்து மகாராஜாவின் காதருகே குனிந்தார்.

சிங்கராயருக்கு ஒரு பழைய எரிச்சல் இருந்தது. ஆறு வருடத்துக்கு முன் அவர் வீட்டுப் பசு ஒன்று முன்னங்கால் வளைந்த கன்றை ஈன்றது. இந்தக் கன்று வீட்டில் இருந்தால் வீட்டுக்கே கெட்ட காலம் என்று ஜோசியர் சொல்ல, ஆட்கள் அதை உயிரோடு இழுத்துப்போய் வடக்கு வாசல் குப்பைமேட்டில் போட்டுவிட்டு வந்தார்கள். குப்பைமேட்டோரம் குடிசை போட்டு வறட்டி தட்டிப் பிழைத்த சிலம்பாயி அதை எடுத்து, வளைந்த காலுக்கு மூங்கில் பத்தை கட்டி, கஞ்சி ஊற்றி வளர்த்தாள். அந்தி நேரத்தில் எடுத்ததால் அதற்கு அந்தி என்றே பெயர் வைத்தாள். இப்போது அந்தி நொண்டிக்கொண்டே நடந்து இரண்டு வேளையும் செம்பு நிறையக் கறந்தது. சிங்கராயர் தொழுவத்துப் பசுக்களோ போன கோடையில் கோமாரி வந்து ஒன்றுவிடாமல் செத்துப்போயின. அவர் தினமும் பல்லக்கில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அந்தியைப் பார்ப்பார். பார்த்துவிட்டுச் சாப்பிடவே பிடிக்காது அவருக்கு.

காதில் ஓதிய வேலை பலித்தது. அன்று மாலையே தண்டோரா போட்டார்கள்.

"தொலைத்தாலும் எறிந்தாலும் பொருள் முதல் உடையவருக்கே! எடுத்தவர் வைத்திருந்தால் திருடர், எடுத்த கை வெட்டப்படும்! உரியவர் யாராக இருந்தாலும், எத்தனை காலம் ஆகியிருந்தாலும், வந்து அடையாளம் சொன்னால் பொருள் ஒப்படைக்கப்படும்! இது மகாராஜா தன் தாயின்மேல் இட்ட ஆணை!"

வடக்கு வாசலில், குப்பைமேட்டுக்கு எதிரே, வழக்குக் கேட்க ஒரு பந்தல் போட்டார்கள். புல்லறுப்பவன் முதல் ஆளாக ஓடி வந்து பெட்டியைக் காலடியில் வைத்துவிட்டு, கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு திரும்பிப் போனான்.

முதல் வாரம் வேடிக்கையாகத்தான் இருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் சத்திரத்தில் விட்ட தாழங்குடைக்கு ஒருவர் வழக்குப் போட்டார். சந்தையில் கொசுறாக எறிந்த கறிவேப்பிலையை ஒரு கடைக்காரர் திரும்பக் கேட்டார்.

மூன்றாவது வாரம் வேடிக்கை போய்விட்டது. ஊரில் யாரும் எதையும் குனிந்து எடுப்பதில்லை. எடுத்தால் கை போகும். தொலைத்தவர்கள்கூடத் தங்கள் பொருளைத் தொடப் பயந்தார்கள். தங்களுடையதுதான் என்று அப்புறம் யாரிடம் நிரூபிப்பது? வண்டியிலிருந்து உருண்ட பித்தளைக் குடம் நடுத்தெருவில் கிடந்தது. வண்டிகள் அதைச் சுற்றிக்கொண்டு போயின. எங்கோ கொடியிலிருந்து பறந்துவந்த சிவப்புச் சேலை ஒன்று கடைவீதி வேலியில் மாட்டிக்கொண்டு நாள்கணக்கில் படபடத்தது. காற்று நின்ற நேரத்திலும் அது அசைவதாக எதிர்வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். தாய்மார்கள் பிள்ளைகளின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

அதைவிட மோசம், பொருள்கள் இடம் மாறின. நேற்றுக் கோயில் வாசலில் கிடந்த ஒற்றைச் செருப்பு இன்று குளத்துப் படியில் கிடந்தது. நாய் இழுத்து வந்திருக்கும் என்றார்கள். அந்தத் தெருக்களில் நாயைப் பார்த்தே பத்து நாளாகிறது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தங்களுக்கு உரியவரைத் தேடி அவையே புறப்பட்டுவிட்டன என்று ஒரு பேச்சு கிளம்பியது. எனக்கென்றால் நாய் என்றுதான் நம்பப் பிடிக்கிறது. நீங்கள் எப்படியோ.

இந்தச் சமயத்தில்தான் சிங்கராயர் பந்தலுக்கு வந்தார். மகாராஜா அன்று தானே வழக்குக் கேட்டார்.

"முன்னங்கால் இடது, வளைவு. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. என் தொழுவத்தில் பிறந்த கன்று, மகாராஜா. இந்தப் பெண் கவர்ந்து வைத்திருக்கிறாள்."

சிலம்பாயியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நாற்பது வயதுக்காரி. கையெல்லாம் சாணம் காய்ந்து வெடித்திருந்தது.

"கவரலீங்க சாமி," என்றாள். "ஒங்க ஆளுங்க இழுத்தாந்து போட்டுட்டுத் திரும்பிக்கூடப் பாக்காமப் போனாங்க. அது எந்திரிக்க முடியாம என்னையே பாத்துச்சு. எடுத்தேன்."

"எடுத்ததை ஒப்புக்கொள்கிறாள்," என்றார் சிங்கராயர்.

மகாராஜாவுக்கு அவள் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. ஆனால் ஆணை இட்டாகிவிட்டது, அதுவும் தாயின்மேல். "மாடு சிங்கராயருக்கு. நாளை அந்தியில் இவள் வலது கை..." என்று ஆரம்பித்தார்.

அப்போது குப்பைமேட்டில் ஒரு குழந்தை அழுதது.

எல்லோரும் திரும்பினார்கள். இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்லியாகவேண்டும். பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்துத் தங்காமல் போகிற வீட்டில், அடுத்த பிள்ளை பிறந்ததும் தாய் அதைக் கொண்டுபோய்க் குப்பையில் எறிந்துவிட்டு, "எனக்கு வேண்டாம்" என்று சொல்லித் திரும்பிப் பார்க்காமல் வருவாள். வேறொருத்தி அதை எடுத்து, "இது என் பிள்ளை" என்று மடியில் போட்டுக்கொள்வாள். மூக்கைக் குத்தி, குப்பன் என்றோ குப்பம்மா என்றோ பெயர் வைத்து, "என் பிள்ளையைப் பால் கொடுத்து வளர்த்துத் தா" என்று பெற்றவளிடமே ஒப்படைப்பாள். பெற்றவளின் பிள்ளையைத் தேடி வரும் எமன் அப்படி ஒரு பிள்ளை இல்லையென்று ஏமாந்து போவான். வடக்கு வாசலில் அப்படி எடுக்கும் முறை தலைமுறையாகச் சிலம்பாயி வீட்டுப் பெண்களுடையது.

மேட்டின் கீழே, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, சாயக்காரர் தெரு நாச்சி நின்றாள். மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். நாலாவது அது, பெண் குழந்தை. எறிந்துவிட்டாள். அவளே திரும்ப எடுத்தால் எறிந்தது செல்லாது, எமனுக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. வேறு யாராவதுதான் எடுக்கவேண்டும். பந்தலைச் சுற்றி நூறு பேர் நின்றார்கள், இருநூறு கைகள். ஒரு கையும் நீளவில்லை. குழந்தையின் அழுகை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. எங்கிருந்தோ பருந்தின் நிழல் ஒன்று மேட்டின்மேல் வட்டம் போட்டது. அப்போதும் நாச்சி திரும்பவில்லை.

சிலம்பாயி காவலனின் பிடியை உதறிக்கொண்டு நடந்தாள். "தொடாதே!" என்று யாரோ கத்தினார்கள். அவள் மேடேறி, இரண்டு கையாலும் குழந்தையைத் தூக்கி, ஒட்டியிருந்த சாம்பலை ஊதி, மடியில் போட்டாள்.

"இது எம் புள்ள," என்றாள் உரக்க. பிறகு மகாராஜாவைப் பார்த்தாள். "மாட்டுக்கு ஒரு கை, புள்ளைக்கு ஒரு கை. ரெண்டையும் எடுத்துக்குங்க. நாச்சி, எம் புள்ளைக்குப் பாலக் குடு, பசிச்சுக் கெடக்குது."

நாச்சி ஓடிவந்து குழந்தையை வாங்கிக்கொண்டு அழுதாள். கூட்டத்தில் பாதிப் பேரும் அழுதார்கள். அழுது என்ன பிரயோஜனம், நேரத்துக்கு ஒருவரும் கையை நீட்டவில்லையே.

அம்பலத்தாடி வந்து மகாராஜாவின் முன் நின்றான். முதல் தடவையாக அவன் முகத்தில் சிரிப்பில்லை.

"மகாராஜா, இந்தச் சட்டம் வேண்டாம்."

"ஏன் வேண்டாம்? உரியவருக்கு உரியதைக் கொடுப்பது தவறா?"

சிங்கராயர் இந்தத் தருணத்துக்காகத்தான் காத்திருந்தார். "மகாராஜா, விகடகவி சட்டத்தைப் பழிக்கிறார். நிரூபிக்கட்டும். உண்மையாகவே உரியவர், அடையாளமும் சரியாகச் சொல்கிறார், ஆனாலும் தாங்களே வாய்திறந்து 'கொடுக்கமாட்டேன்' என்று மறுக்கவேண்டும். அப்படி ஒருவரை நாளை அந்திக்குள் இங்கே கொண்டுவரட்டும். வந்தால் சட்டத்தைக் கிழித்துப்போடலாம். வராவிட்டால் அவள் இரண்டு கைகளோடு இவர் நாக்கும் போகட்டும்."

சபையோர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்கள். தாயின்மேல் ஆணையிட்ட மகாராஜா எப்படி மறுப்பார்? மகாராஜா அம்பலத்தாடியைப் பார்த்தார். அவன் பார்வையோ, எக்காரணம் கொண்டும் பார்க்கக்கூடாத அந்த மூக்கின்மேல் நின்றது.

"கொண்டுவருகிறேன், மகாராஜா," என்றான்.

மறுநாள் அந்தி. மேற்கே வானம் சிவந்து கிடந்தது. பந்தலில் அரிவாள்காரன் கட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தான். சிலம்பாயியைத் தூணில் கட்டியிருந்தார்கள். பக்கத்துத் தூணில் அந்தி, புது உரிமையாளர் கட்டிய புதுக்கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றது. மகாராஜா சிம்மாசனத்தில் நெளிந்தார்.

"எங்கே உன் ஆள்?" என்று கேட்டார்.

"வந்துவிட்டார், மகாராஜா. அதோ."

பந்தலுக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் ஒரு வேப்பமரம். அதனடியில் கன்னங்கரேலென்று ஓர் எருமை நின்றது. கழுத்துக் கயிற்றின் மறுமுனை மரத்துக்குப் பின்னால் போய் விறைப்பாக நின்றது, யாரோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல. பிடித்திருப்பவர் தெரியவில்லை.

"உள்ளே வரச்சொல்," என்றார் மகாராஜா.

"கூப்பிடாதீர்கள், மகாராஜா. தான் உள்ளே வந்த வீட்டில் அப்புறம் அழுகைதான் கேட்கும் என்று அவரே சொன்னார். அதனால் வழக்கை ஓலையில் கொடுத்தனுப்பியிருக்கிறார். வாசிக்கலாமா?"

அம்பலத்தாடி மடியிலிருந்து ஓலையை எடுத்தான். வழக்கமான விகடக் குரல் இல்லை. தாழ்ந்த, அவசரமில்லாத குரலில் வாசித்தான்.

"'நாற்பத்தாறு வருடத்துக்கு முன் ஆடி அமாவாசை அந்தியில் ஒரு பிள்ளையை அழைத்துப்போக இந்த ஊருக்கு வந்தேன். என் ஓலையில் இருந்தது, இந்த நாட்டு ராணியின் ஐந்தாவது பிள்ளை. முன் நான்கையும் நானே அழைத்துப்போனதால் வழி விசாரிக்கத் தேவையிருக்கவில்லை.'"

மகாராஜாவின் கை சிம்மாசனத்தை இறுகப் பிடித்தது.

"'தொட்டில் காலியாக இருந்தது. ராணியைக் கேட்டேன். எனக்குப் பிள்ளை இல்லை, குப்பையில் எறிந்துவிட்டேன் என்றாள். குப்பைமேட்டுக்கு வந்தேன். ஒருத்தி மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். யாருடையது என்றேன். என்னுடையது, எடுத்தது நான் என்றாள். எறிந்த பொருள் எடுத்தவருக்கே என்பது இந்த நாட்டு வழக்கு என்றார்கள். அவள் பிள்ளைக்கு என்னிடம் ஓலை இல்லை. வெறுங்கையோடு திரும்பினேன்.

'இப்போது வழக்கு மாறிவிட்டதாகத் தண்டோரா கேட்டேன். எறிந்தாலும் பொருள் முதல் உடையவருக்கே. அப்படியானால் அது அன்றும் ராணியின் ஐந்தாவது பிள்ளைதான், இன்றும் அதேதான். பழைய ஓலையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். எத்தனை காலம் ஆனாலும் கிடைக்கும் என்று தாயின்மேல் ஆணை. அந்தத் தாய் இப்போது என்னிடத்தில்தான் இருக்கிறாள். ஆணையைக் கேட்டதிலிருந்து அழுதுகொண்டிருக்கிறாள்.'"

சிங்கராயர் எதையோ சொல்ல வாயெடுத்து, மரத்தடியைப் பார்த்து, மூடிக்கொண்டார்.

"'அடையாளம் சொல்கிறேன். வலது மூக்கில் ஒரு துளை.'" அம்பலத்தாடி ஓலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பிடித்தான். சற்றுத் தயங்கினான். "'இடது குதிகாலில், எறிந்த அன்று ஓட்டாஞ்சில்லு கிழித்த வடு. பிறை வடிவம். அனுப்பிவையுங்கள். காத்திருக்கிறேன்.'"

மகாராஜாவின் இடது கால் தானாகப் பாதுகையின்மேல் சுருங்கியது. எருமை தலையைத் தூக்கி ஒரு தடவை கத்தியது. கயிறு இன்னும் விறைத்தது.

"மகாராஜா," என்றான் அம்பலத்தாடி, "உரியவர் வந்துவிட்டார். அடையாளமும் சொல்லிவிட்டார். சரிதானா என்று தாங்கள்தான் சொல்லவேண்டும். சரியென்றால், சட்டப்படி, இருட்டுவதற்குள் ஒப்படைத்துவிடலாமா?"

"மாட்டேன்!" மகாராஜா எழுந்தேவிட்டார். குரல் சின்னப் பிள்ளையின் குரலைப்போல உடைந்தது. "கொடுக்கமாட்டேன்! யார் வந்து கேட்டாலும் கொடுக்கமாட்டேன்!"

"போதும், மகாராஜா. உண்மையாகவே உரியவர், அடையாளமும் சரி, தாங்களே வாய்திறந்து மறுத்தும் விட்டீர்கள். சிங்கராயர் கேட்ட ஆள் இவர்தான்."

மகாராஜா சட்ட ஓலையை வாங்கி நாலாகக் கிழித்துப் போட்டார். "பழைய வழக்கே இனி வழக்கு," என்றார். "போகச்சொல் அவரை."

"பழைய வழக்குப்படி அவர் ஒன்றே ஒன்று கேட்பார், மகாராஜா. 'எடுத்தவர் யார்? இது என் பிள்ளை என்று சொல்ல ஆள் உண்டா?' அன்றைக்கு எடுத்தது இந்தச் சிலம்பாயியின் அம்மா. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் எடுத்ததெல்லாம் இப்போது மகளுக்கு. அதோ தூணில் கட்டியிருக்கிறதே அந்தக் கைக்கு. அதை வெட்டிவிட்டால், தாங்கள் யார் கையிலும் இல்லாத பொருள், மகாராஜா."

மகாராஜா சிலம்பாயியைப் பார்த்தார். நாடாளும் மனிதர், நாற்பத்தாறு வயது, முப்பது பட்டங்கள். எல்லாம் அந்தச் சாணம் காய்ந்த கைகளுக்காகக் காத்து நின்றன. அவளைக் கட்டியிருந்த கயிற்றைத் தானே போய் அவிழ்த்தார்.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியுமுங்க. ஆத்தா சாகற வரைக்கும் சொல்லும், எம் புள்ள பல்லாக்குல போகுதுன்னு."

"நேற்று ஏன் நீ சொல்லவில்லை?"

"சொல்லிக் காட்டறதுக்கா எடுக்கறோம்?"

மரத்தடியில் எருமை காலை மாற்றி வைத்தது. வெளிச்சம் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. மகாராஜா குரலைத் தாழ்த்தி, "சொல்லம்மா," என்றார்.

சிலம்பாயி முதலில் கயிறு இறுக்கிய மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள். நியாயம்தானே, நேற்றிலிருந்து கட்டிவைத்திருந்தார்கள். பிறகு தெற்கே பார்த்து, எறிந்த பிள்ளைகளை எடுக்கும்போது சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

"இது எங்க புள்ள. எங்க ஆத்தா எடுத்தது. யாருக்கும் குடுக்கறதா இல்ல. போயிட்டு வாங்க... இல்ல, வராதீங்க. போங்க."

விறைத்திருந்த கயிறு தொய்ந்து தரையில் விழுந்தது. எருமை திரும்பி, மெதுவாக, தெற்கே நடந்து மறைந்தது.

சிங்கராயர்தான் முதலில் அசைந்தார். மெல்லப் பின்வாங்கப் பார்த்தார். அம்பலத்தாடி விடவில்லை. "ஐயா, உங்கள் மாடு? வேண்டுமென்றால் இப்போதே சொல்லுங்கள், கிழித்த சட்டத்தை ஒட்டவைத்துத் தருகிறேன். வீட்டுக்குக் கெட்ட காலம் என்றுதானே இதை எறிந்தீர்கள்? மாட்டை எடுத்துக்கொண்டால் அந்தக் கெட்ட காலமும் உங்களுடையதுதான், கூடவே வரும். கேட்டுச் சொல்ல அவரையே கூப்பிடட்டுமா? ரொம்ப தூரம் போயிருக்கமாட்டார்."

"எனக்கு வேண்டாம்! எனக்கு எந்த மாடும் கிடையாது! நான் மாடே வளர்த்ததில்லை!" என்று சொல்லிக்கொண்டே சிங்கராயர் பல்லக்கைக்கூட மறந்துவிட்டு ஓடினார்.

அம்பலத்தாடி கையிலிருந்த ஓலையைப் பார்த்தான். அதை வைத்திருக்க அவனுக்குப் பிடிக்கவில்லை. குப்பைமேட்டின்மேல் எறிந்தான். எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். யார் எடுப்பார்கள், எடுத்தால் என்ன ஆகும்? அந்தி கயிற்றை அறுத்துக்கொண்டு நொண்டி நொண்டி மேடேறியது. ஓலையை முகர்ந்து பார்த்தது. வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தது.

மகாராஜா முதலில் விழித்தார். பிறகு தோள் குலுங்கியது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார். "எறிந்த பொருள்! எடுத்தவளுக்கே சொந்தம்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பல நாளாகச் சிரிக்காத ஊர் சேர்ந்து சிரித்தது. வெற்றிலைப் பெட்டியை அங்கேயே புல்லறுப்பவனிடம் திருப்பிக் கொடுத்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி, அம்பலத்தாடியின் மண்டையைக் குறிபார்த்தார்.

"இந்தத் தடவை குனியாதே!" என்று வீசினார். அவன் குனியவில்லை.

அரண்மனைக்குத் திரும்பும்போது மகாராஜா அவனைப் பக்கத்தில் நடக்கச் சொன்னார். கொஞ்ச தூரம் போனதும் மெல்லக் கேட்டார். "அந்த எருமை?"

"செக்கடி வாணியனுடையது, மகாராஜா. மரத்துக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது அவன் மைத்துனன். தும்மல் வந்துவிடுமோ என்றுதான் எனக்குப் பயம்."

மகாராஜா மறுபடி வாய்விட்டுச் சிரித்தார். இரண்டு அடி நடந்தார். சிரிப்பு நின்றது.

"மூக்குத் துளை ஊருக்கே தெரியும். குதிகால் வடு எனக்கும் என் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். உனக்கு யார் சொன்னது?"

அம்பலத்தாடி நடையை எட்டிப் போட்டான்.

"மகாராஜா, நான் எழுதியது மூக்குத் துளை வரைக்கும்தான்," என்றான் கடைசியில். "வாசிக்கும்போது கீழே இன்னொரு வரி இருந்தது. இருந்ததை வாசித்தேன்."

இருவரும் திரும்பிப் பார்க்காமல் அரண்மனைக்கு வந்து சேர்ந்தார்கள்.

அதற்குப் பிறகு அந்த நாட்டில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. மகாராஜா சபைக்கு வரும்போது கட்டியக்காரன் முப்பது பட்டங்களையும் வரிசையாகக் கூவி முடிப்பான். முடித்துவிட்டு, தெற்குப் பக்கம் திரும்பி, இருக்கிற குரலையெல்லாம் சேர்த்து முப்பத்தொன்றாவதைக் கூவுவான். "சிலம்பாயி வீட்டுப் பிள்ளை வருகிறார்!" மகாராஜா அதைக் கேட்ட பிறகுதான் சிம்மாசனத்தில் உட்காருவார். மூக்கில் ஒரு சின்னக் கல் மின்னும்.

கதை இவ்வளவுதான். வழியில் கிடந்தது, நான் எடுத்தேன். மூன்று சந்தைக்குச் சொல்லிப் பார்த்தும் உரியவர் என்று யாரும் வரவில்லை. இப்போது இங்கே போட்டுவிட்டுப் போகிறேன். எடுப்பவர் வைத்துக்கொள்ளலாம்.